தலைப்பும் தலையங்கமும்

போன எபிசோடில் நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைத் திருத்திக்கொண்டே இன்றைக்கு ஆரம்பிக்கலாம்.

1898ல் வெடித்துச் சிதறிய அமெரிக்கப் போர்க்கப்பல் மெய்ன் பற்றிப் பேசும்போது, "மறுநாள்கள்ல பத்திரிகையில் வந்த தலையங்கம்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருந்தேன். தமிழ்ப் பத்திரிகையில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு நேயர் எழுதினார்: "தம்பி, நீங்க சொல்றது தலைப்பு. தலையங்கம் வேற." ஒரு வார்த்தைதானே என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த எபிசோடின் மொத்த விஷயமும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மூன்று சொற்களைப் பாருங்கள். தலைப்பு என்பது ஒரு செய்திக்கு மேலே பெரிய எழுத்தில் இருப்பது, அதாவது ஹெட்லைன். தலைப்புச் செய்திகள் என்பவை அன்றைய முக்கியமான செய்திகள். வானொலியில் தொடக்கத்திலும் முடிவிலும் சுருக்கமாக வாசிப்பார்களே, அவை. தலையங்கம் என்பது நடந்ததைப் பற்றிப் பத்திரிகை தன் கருத்தைச் சொல்லும் கட்டுரை. மூன்றிலும் 'தலை' இருப்பதால் நாக்கு குழம்பிவிடுகிறது. ஆனால் முதல் இரண்டும் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியவை. மூன்றாவது, நாங்க என்ன நினைக்கிறோம் என்று சொல்வது.

புடவைக்கும் தலைப்பு உண்டு. கடைக்காரர் முதலில் விரித்துக் காட்டுவது அதைத்தான். உடல் பகுதியைப் பார்ப்பதற்குள் பாதி மனசு முடிவு பண்ணியிருக்கும். பத்திரிகைத் தலைப்பு செய்கிற வேலையும் அதுதான்.

பத்திரிகைகள் எப்போதுமே இப்படி விரித்துக் காட்டவில்லை. லண்டன் 'தி டைம்ஸ்' 1966 மே மாதம் வரை முதல் பக்கத்தை விளம்பரங்களுக்கே கொடுத்திருந்தது. நம்ம ஊர் 'தி இந்து'வும் 1958 ஜனவரி வரை அப்படித்தான். பக்கத்தின் அகலத்துக்கு நீளும் தலைப்பைப் பிரபலமாக்கியது 1890களின் நியூயார்க். புலிட்சரின் 'வேர்ல்டு', ஹெர்ஸ்டின் 'ஜர்னல்' இரண்டையும் பையன்கள் தெருவில் கூவி விற்றார்கள். போகிறவர் கண்ணில் தூரத்திலேயே பட வேண்டும், இல்லையா?

1898 பிப்ரவரி 15 இரவு ஹவானா துறைமுகத்தில் மெய்ன் வெடித்தது. 260 பேருக்கு மேல் இறந்தார்கள். பிப்ரவரி 17 அன்று 'ஜர்னல்' முதல் பக்கத் தலைப்பிலேயே, கப்பலை அழித்தது எதிரியின் வேலை என்று அறிவித்துவிட்டது. குற்றவாளியைக் கண்டுபிடிப்பவருக்கு 50,000 டாலர் பரிசு என்றும் போட்டது. கடற்படை விசாரணைக் குழு அப்போது வேலையைத் தொடங்கக்கூட இல்லை. மார்ச்சில் அந்தக் குழு, வெளியே இருந்த கண்ணிவெடியே காரணம் என்றது, ஆனால் வைத்தது யார் என்று சொல்லவில்லை. 1976ல் அட்மிரல் ரிக்கோவர் நடத்திய ஆய்வோ, கப்பலுக்குள்ளேயே நிலக்கரிக் கிடங்கில் பிடித்த தீ வெடிமருந்துக்குப் பரவியிருக்கலாம் என்றது. விவாதம் இன்னும் முடியவில்லை.

தலையங்கத்தில் சந்தேகமாக எழுத வேண்டியதை, தலைப்பில் நடந்ததாக எழுதினார்கள். வாசகரும் அதைக் கருத்தாகப் படிக்கவில்லை, செய்தியாகவே படித்தார்.

இப்போ என் கதைக்கு வருகிறேன். அந்த எபிசோடுக்கு நான் வைத்த தலைப்பு, 'ஒரு தலைப்பு மூட்டிய போர்'. ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் வந்தது உண்மை. ஆனால் ஸ்பெயினுக்கு எதிராகக் கியூபா மக்களின் விடுதலைப் போர் 1895லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் வணிக நலன்கள், வாஷிங்டனின் அரசியல் கணக்குகள் எல்லாம் அதோடு சேர்ந்தன. இதையெல்லாம் எபிசோடுக்குள் நானே சொல்லியிருக்கிறேன். தலைப்பில் மட்டும் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஹெர்ஸ்டைக் குறை சொல்லிக்கொண்டே அவர் செய்ததைச் செய்திருக்கிறேன்! எபிசோடைக் கேட்காமல் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்களிடம் நான் சொன்னது அந்தத் தீர்ப்பு ஒன்றுதான்.

இப்போ அதை 'மெய்ன் கப்பல் வெடித்தபோது' என்று மாற்றியாச்சு. கேட்க வருகிறவர்கள் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. திருத்திய ஐயாவுக்கு நன்றி. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.