முதிய நாயும் மூக்கின்மேல் ரொட்டியும்: ஒரு பழமொழியின் வரலாறு

22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால் வரும் பொன்முடியின் தேயிலைத் தோட்டங்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. நாயைப் பற்றி இவ்விரு மொழிகளும் ஏறத்தாழ ஒரே பழமொழியை வைத்திருக்கின்றன. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்கிறது தமிழ். பன்னிரண்டு ஆண்டு குழலில் இட்டு வைத்தாலும் அது நிமிராது என்கிறது மலையாளம். பன்னிரண்டு ஆண்டு என்பது பெரும்பாலும் ஒரு நாயின் முழு வாழ்நாள். ஆகவே இப்பழமொழிகள் குறை கூறுவது நாயின் இயல்பை. அதன் வயதைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை.

வயதையும் கல்வியையும் இணைக்கும் பழமொழி தமிழில் வேறாக உண்டு. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பதில் வரும் உவமை செடியும் மரமும். அறிவுரை மனிதக் குழந்தையைப் பற்றியது. ‘கிழ நாய்க்குப் புது வித்தை கற்பிக்க முடியாது’ என்று இன்று சரளமாகச் சொல்லப்படும் தொடரோ ஆங்கிலப் பழமொழி ஒன்றின் மொழிபெயர்ப்பு. அதன் பிறப்பிடத்தைத் தேடிச் செல்வது பயனுடையது.

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்பவர் பெயரில் வேளாண்மைக் கையேடு ஒன்று அச்சாயிற்று. ஆடு மேய்ப்பவனுக்கு வேண்டியவற்றைச் சொல்லும் இடத்தில், அவனுடைய நாய் தன் வேலையைக் குட்டிப் பருவத்திலேயே கற்க வேண்டும் என்றும், வயதான நாயைத் தாழச் செய்வது கடினம் என்றும் அந்நூல் குறிப்பிடுகிறது. அது ஒரு தொழிலைச் சார்ந்த, ஒரு குறிப்பிட்ட பழக்கத்தைப் பற்றிய அவதானிப்பு. மேலும் அந்நூல் சொன்ன சொல் ‘கடினம்’, ‘முடியாது’ அன்று. 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழி நூலிலும் இக்கருத்து இடம்பெற்றது. காலப்போக்கில் மேய்ப்பனும் மந்தையும் தொடரிலிருந்து விலக, ‘கடினம்’ என்பது ‘முடியாது’ என்று இறுகியது. சூழலை இழந்த கூற்று பொதுவிதியாக மாறுவது பழமொழிகளின் வரலாற்றில் அடிக்கடி நிகழ்வது.

இவ்விதி நிலைபெற்றதில் பயிற்றும் முறைக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட கையேடு காவல்நாய்ப் பயிற்சியை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. வெகுமதியின் பயனை அவர் அறிந்திருந்தார். எனினும் அம்முறையில் கட்டாயத்துக்குப் பெரிய இடம் இருந்தது. கழுத்துப்பட்டையை இழுத்தும் உடலை அழுத்தியும் வளைக்கும் முறையில் முதிய நாய் தோற்பது வியப்பன்று. தேய்ந்த மூட்டு உள்ள உடல் வலியை எதிர்க்கும். அந்த எதிர்ப்பு அறியாமை என்று எண்ணப்படும்.

மாற்று வழி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1940களில் அமெரிக்காவில் கெல்லர் பிரீலண்ட், மரியன் பிரீலண்ட் இணையர், தம் ஆசிரியர் பி. எஃப். ஸ்கின்னரிடம் கற்ற கோட்பாட்டை விலங்குப் பயிற்சித் தொழிலாக்கினர். 1951இல் ஸ்கின்னர் பொதுவாசகர்களுக்காக எழுதிய கட்டுரையில், ‘டிக்’ என்று ஒலிக்கும் சிறு கருவியைக்கொண்டு வீட்டு நாய்க்கும் கற்பிக்கலாம் என விளக்கினார். விரும்பிய செயல் நிகழும் கணத்தில் ஒலி, உடனே உணவு. செயல் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்படுகிறது. இங்கு உடலை வளைப்பவர் எவருமில்லை. நாய் தானே செய்து பார்த்துக் கண்டறிகிறது.

மூக்கின்மேல் தின்பண்டத்தை நிறுத்தும் வித்தை இவ்வேறுபாட்டை நன்கு காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில இல்லங்களில் இது பெயர்பெற்ற விளையாட்டு. மூக்கில் பிஸ்கட்டை வைத்து ‘நம்பு’ என்பார்கள்; ‘பணம் கொடுத்தாயிற்று’ என்று சொன்ன பின்பே நாய் அதைக் கவ்வ வேண்டும். பார்ப்பதற்கு இது உடல் சமநிலை பற்றிய வித்தை. உண்மையில் கற்பிக்கப்படுவது அசையாதிருத்தல். ஓட்டமும் தாவலும் தேவையில்லை. துள்ளும் குட்டிக்கு அரிதான நிதானம் பல முதிய நாய்களிடம் முன்பே இருக்கிறது.

முதுமையில் கற்றல் குறைவதில்லை என்று வாதிடுவது தவறாகும். வியன்னா ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதம் முதல் பதின்மூன்று வயது வரையுள்ள 95 பார்டர் கோலி நாய்கள் தொடுதிரையில் படங்களைத் தேர்ந்தெடுக்கக் கற்றன. முதியவற்றுக்குக் கூடுதல் முயற்சிகள் தேவைப்பட்டன. பழைய முடிவை மாற்றிக்கொள்வதிலும் அவை தாமதித்தன. ஆயினும் தவறென்று அறிந்த படத்தை விலக்கி, புதிய படமே சரியானது என ஊகிக்கும் சோதனையில் முதியவை இளையவற்றை விஞ்சின. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது, கற்றதை நினைவில் வைத்திருப்பதில் வயது வேறுபாடு புலப்படவில்லை. ஃபிட்ஸ்ஹெர்பர்ட் நூலின் ‘கடினம்’ ஓரளவு சரி. பின்வந்த ‘முடியாது’ பிழை.

இப்பிழை நாய்க்கு இழைக்கும் தீங்கு சிறிதன்று. முதிய பீகிள் நாய்களை ஈராண்டுக்கும் மேலாகக் கவனித்து, மில்கிராம் குழுவினர் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விளையாட்டுப் பொருள், துணை, நடை, தொடர்ந்த கற்றல் ஆகியவை கிடைத்த நாய்களிடமும், உயிர்வளியேற்ற எதிர்ப்பிகள் சேர்த்த உணவு பெற்றவற்றிடமும் கற்கும் திறன் மேம்பட்டு நின்றது. இரண்டும் ஒருங்கே கிடைத்தவை சிறந்து விளங்கின. இனிக் கற்காது என்று நம்பும் வீடு கற்பிப்பதை நிறுத்துகிறது. கற்பிப்பது நின்றால் மனம் மேலும் மங்குகிறது. பழமொழி தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது.

முதிய நாய்க்கு இவ்வித்தையைக் கற்பிக்கும் முறை எளியது. முதலில் உள்ளங்கையில் தாடையைத் தாங்கி, ஒரு நொடி அசையாதிருந்தால் வெகுமதி. பிறகு விரலால் மூக்கை மெல்லத் தொட்டு வெகுமதி. அதன்பின் மென்மையான, எடை குறைந்த சிறு துண்டு. வைத்த உடனே எடுத்துவிட்டு, மற்றொரு துண்டைக் கையிலிருந்து தர வேண்டும். நேரம் நொடி நொடியாகக் கூடும். கண்புரை உள்ள நாய்க்குக் குரலும், செவி மங்கியதற்குக் கைச்சைகையும் விடுவிப்புக் குறியாகும். பொன்முடி போன்ற குளிர்ந்த மலையில் மூட்டுவலி மிகலாம். எனவே வெதுவெதுப்பான விரிப்பும், இரண்டு மூன்று நிமிடப் பாடமும் போதும். கழுத்து வலிக்கிறதென்றால் முன்பாதத்தின் மீது வைத்தாலும் பாடம் அதுவே. வாயைப் பிடித்து அழுத்துவது மட்டும் கூடாது.

தமிழகத்தின் பழைய சான்று ஒன்று இங்கு நினைக்கத் தக்கது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் உள்ளது. எருமைகளைக் காக்க நேர்ந்த பூசலில் இறந்த வீரனோடு, கோவிவன் என்ற அவன் நாயும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்திருந்ததைக் கல்வெட்டு பதிவு செய்கிறது. காத்திருத்தல் என்ற சொல்லில் காவலும் பொறுமையும் ஒன்றாக உள்ளன. வளையாத வாலைப் பற்றிப் பேசும் இதே மொழி, 7ஆம் நூற்றாண்டில் ஒரு நாயைப் பெயர் சொல்லிப் போற்றியபோது தேர்ந்த சொல் அது. மூக்கின்மேல் துண்டை வைத்துக்கொண்டு, மனிதனின் ஒரு சொல்லுக்காக அசையாமல் நிற்கும் முதிய நாய் செய்வதும் அதையே.