வில்லில்லா வயலின்கள்

ஒன்றைப் பார்த்துச் செய்த போலி, காலப்போக்கில் தானே ஒரு மூலமாகி, அதனைப் பார்த்து வேறு போலிகள் செய்யப்படும் விந்தை உலகில் அடிக்கடி நிகழ்வதன்று. இசைக்கருவிகளின் வரலாற்றில் அவ்வாறு நிகழ்ந்த ஒன்றையே ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். 1970களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யப்பானிலும் விற்பனையான 'ஸ்றிங் மெஷின்' என்னுங் கருவியே அது. பல வயலின்கள் ஒருங்கே இசைக்கும் ஓசையை மின்சாரத்தால் எழுப்புதற்கென்று தோன்றியமையால் அதனை நாம் நரம்பிசைப் பொறி எனக் குறிப்போம். வயலின்போல ஒலிக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட அப்பொறி, உண்மையில் வயலின்போல ஒலிக்கவில்லை. ஆயினும் ஐம்பது ஆண்டுகள் கழிந்த இந்நாளில், அது அன்று எப்படி ஒலித்ததோ அப்படியே, அதன் குறைகளோடுகூட, மீண்டும் ஒலிக்கச் செய்யவேண்டுமென்று பொறியியலாளர் பலர் முயன்றுவருகின்றனர்.

அப்பொறி தோன்றியமைக்குக் காரணம் பணமுடையே. மேனாட்டுப் பெரிய வாத்தியக்குழு ஒன்றில் வயலின், வியோலா, செல்லோ, டபிள் பேஸ் என்பவற்றை வாசிப்போர் மட்டும் அறுபதின்மர் வரையில் இருப்பர். அவர்களையெல்லாம் ஒலிப்பதிவுக்கு அழைத்துக் கூலி கொடுக்கப் பெருங் கம்பனிகளால் இயலும். ஊரூராய்ச் சென்று வாசிக்கும் நால்வர் ஐவர் கொண்ட குழுவினால் இயலுமோ? அந்த ஓசையின் சாயலாவது ஒருவர் கைக்கு எட்டவேண்டும் என்ற ஆசை பழையது. 1939இல் அமெரிக்காவின் ஹமண்ட் கம்பனி வெளியிட்ட நோவாகோட் என்னுங் கருவி அவ்வாசையின் முதற் பெரும் பேறு எனலாம். அதில் 72 விசைகளும் 163 வால்வுகளும் இருந்தன. ஏறக்குறைய ஆயிரம் கருவிகள் செய்யப்பட்டபின், போர்க்காலமாகிய 1942இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று.

பின்னர் 1963இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் மெலோற்றன் பிறந்தது. அதன் ஒவ்வொரு விசைக்கும் ஒவ்வோர் ஒலிப்பதிவு நாடா உண்டு. விசையை அழுத்தினால் முன்னர்ப் பதிந்துவைத்த வயலின் ஓசை எழும். ஏறக்குறைய 8 செக்கனில் நாடா முடிந்துவிடும். பின் கையை எடுத்து மீண்டும் அழுத்தவேண்டும். பாரமோ மிகுதி, பழுதோ அடிக்கடி. பயணஞ் செய்யும் இசைக்குழுவினர் அதனை வைத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமன்று.

இந்நிலையிலேதான் ஒல்லாந்து தேசத்து ஓர்கன் செய்வோர் இத்துறையிற் புகுந்தனர். ஒல்லாந்தர் என்றதும் கோட்டையும் கறுவாவுமே நமக்கு நினைவில் வரும். ஆனால் வீட்டில் வைத்து வாசிக்கும் மின் ஓர்கன் செய்வதிலும் அவர்கள் பெயர் பெற்றவர்கள். போடகிறாவன் என்னும் ஊரிலிருந்த எமினென்ற் கம்பனி 1972இல் வெளியிட்ட '310' என்னும் ஓர்கனில் வயலின் கூட்டத்தின் ஓசையை எழுப்பும் பகுதி ஒன்று இருந்தது. வாங்கியோர் உள்ளத்தை அப்பகுதியே பெரிதும் கவர்ந்தது. ஓர்கனை விட்டு அதனை மட்டும் தனியே பிரித்து, 49 விசைகளோடு, இருவர் தூக்கிச் செல்லத்தக்க பெட்டியில் அமைத்து 1974இல் விற்பனைக்கு விட்டனர். அதுவே சொலினா. அமெரிக்காவில் ஆர்ப் என்னுங் கம்பனி தன் பெயரைப் பொறித்து அதனை விற்றது. இதே காலத்தில் இங்கிலாந்தில் கென் பிறீமன் என்பார் தம் எண்ணப்படி ஒரு நரம்பிசைப் பொறியை உருவாக்கினார். இத்தாலியர், யப்பானியர் ஆகியோரும் பின்தங்கவில்லை. எனினும் இவ்வினத்துக்கே அடையாளமாய் நிலைத்த பெயர் சொலினாவே.

இதன் உள்ளமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். விளங்காவிடின் பிற்காலத்துப் பிரதி செய்வோர் எதனோடு மல்லுக்கட்டுகின்றனர் என்பது புலப்படாது. அக்காலத்துச் சிந்தசைசர்களுட் புகழ்பெற்ற மினிமூக் (1970) ஒரே நேரத்தில் ஒரு சுரத்தை மாத்திரமே ஒலிக்கும். நரம்பிசைப் பொறியிலோ 49 விசைகளையும் ஒருங்கே அழுத்தினாலும் அத்தனையும் ஒலிக்கும். இதற்கான உபாயம் நோவாகோட் காலத்திலேயே அறியப்பட்டது. மிக உயர்ந்த தாயியின் பன்னிரண்டு சுரங்களை மட்டும் முதலில் உண்டாக்குவர். ஒரு சுரத்தின் மீடிறன் செக்கனுக்கு 3520 என்று கொள்வோம். அதனை இரண்டாற் பிரிக்குஞ் சுற்றினூடு செலுத்த 1760 கிடைக்கும், மறுபடி பிரிக்க 880, மறுபடி 440. இங்ஙனம் கீழ்த்தாயிகள் யாவும் மேற்றாயியிலிருந்து தாமே பிறந்துவிடும். மலிவானது, சுருதி கலையாதது.

ஆனால் அந்தக் கலையாமையே பெருங் குறையுமாயிற்று. அறுபது வயலின்கள் ஒன்றாய் இசைக்கும்போது எந்த இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒத்து ஒலிப்பதில்லை. ஒன்று சற்று முந்தும், ஒன்று பிந்தும். ஒன்றின் சுருதி இம்மியளவு கூடும், ஒன்றினது குறையும். அந்தச் சிறு வேறுபாடுகளின் கூட்டமே செவிக்கு இனிமையாய்ப் படுகின்றது. கணக்காய்ப் பிரித்த மின்னோசையில் இஃதொன்றும் இல்லை. பிணத்தின் முகம்போல அசைவற்றிருக்கும். நம் தம்புராவின் குதிரைமேல், நரம்பின் அடியில், ஒரு நூலிழையைச் செருகி 'ஜீவா' என்கின்றோம் அல்லவா? அந்நூல் இல்லாதபோதும் நரம்பு ஒலிக்கும். ஆனால் தம்புரா பேசாது. அத்தகைய ஒரு நூலிழை மின்பொறிக்கும் வேண்டியதாயிற்று.

அது கிடைத்ததும் ஒல்லாந்திலேதான். பிலிப்ஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில் சாங்ஸ்ரர், தேயர் என்னும் இருவர் 1969இல் ஒரு புதிய மின்சுற்றைக் கண்டுபிடித்தனர். ஊரில் வீடொன்று தீப்பற்றினால், கிணற்றடியிலிருந்து வீடுவரை ஆட்கள் வரிசையாய் நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் கொண்டுசெல்வதைக் கண்டிருப்பீர்கள். அச்சுற்றிலும் நூற்றுக்கணக்கான சிறு கொள்ளளவிகள் வரிசையாய் நின்று, வந்த மின்னேற்றத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றுகின்றன. கண்டுபிடித்தோர் அதற்கு இட்ட பெயரும் 'வாளி வரிசை' என்னும் பொருளுடையதே. ஒருபுறம் புகும் ஓசை மறுபுறம் சிறிது தாமதித்தே வெளிவரும். கைமாற்றும் வேகத்தைக் கூட்டியுங் குறைத்தும் வந்தால் தாமதமும் மாறும். அதனோடு சுருதியும் ஏறி இறங்கும்.

சொலினாவில் இத்தகைய வரிசைகள் மூன்று உண்டு. ஒரே ஓசை மூன்றாய்ப் பிரிந்து மூன்றினூடுஞ் செல்லும். அவற்றின் வேகத்தை இரண்டு அசைவுகள் ஆட்டுகின்றன: ஒன்று செக்கனுக்கு ஒரு முறைக்குங் குறைவான மெல்லசைவு, மற்றையது செக்கனுக்கு ஆறு முறை அளவிலான விரைவசைவு. மூன்று வரிசைகளும் ஒரேகாலத்தில் ஏறி இறங்காவண்ணம் ஒன்றுக்கொன்று மூன்றிலொரு பங்கு பிந்தி நிற்கும். மூன்று ஓசைகளும் மீண்டுங் கூடும்போது, அசைவற்றிருந்த மின்னொலி நீரலைமேல் நிலவொளி போலத் தளதளக்கின்றது. இப்பகுதிக்கு 'என்செம்பிள்' என்று பெயர். எம் கருத்தில் நரம்பிசைப் பொறி என்பது இதுவே. விசைகளும் பிரிக்குஞ் சுற்றுகளும் இதற்கு உணவூட்டும் வேலைக்காரர் மாத்திரமே.

தளதளப்பு வந்தது, வயலின் வரவில்லை. வில்லின் உராய்வு இல்லை. வாசிப்போனின் விரலழுத்தம் இல்லை. இப்பொறிகளுட் பலவற்றில் எல்லாச் சுரங்களுக்குஞ் சேர்த்து வாயில் ஒன்றே. மேலும் வாளி வரிசை ஓசையின் கூர்மையை மழுக்கி, ஒரு சீறலையுஞ் சேர்த்தது. வயலினைத் தேடியோர் இவற்றைக் குறையாகக் கண்டனர். ஓசையைத் தேடியோர் அப்படிக் காணவில்லை. பிங்க் புளொயிட் குழுவின் றிச்சட் றைற் 1975இல் வெளிவந்த இசைத்தட்டில் இப்பொறியைப் பயன்படுத்தினார். பிரெஞ்சுக்காரராகிய ஜோன் மிசேல் ஜார் 1976இல் வெளியிட்ட 'ஒக்சிஜேன்' இசைத்தட்டிலே எமினென்ற் 310இன் ஓசையை, அமெரிக்காவின் இலெக்ரோ-ஹார்மொனிக்ஸ் கம்பனி செய்த 'சுமோல் ஸ்ரோன்' என்னுஞ் சிறு பெட்டியினூடு செலுத்தி, மேகம் நகர்வதுபோன்ற ஓசையொன்றை எழுப்பினார். அதைக் கேட்டு, இது நல்ல வயலின் அன்று என்று குறைகூறுவார் யார்? வயலினை நினைப்பாரே இலர்.

கூலிக்கு வயலின் வாசித்தோர் இதனை எவ்வாறு நோக்கினர் என்பதையும் மறத்தல் தகாது. 1982இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, சிந்தசைசர்களைத் தடைசெய்யவேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. தேசிய அளவில் அத்தடை நடைமுறைக்கு வரவில்லை. பிற்காலத்தார் அதனை நகைப்புக்குரியதாக எடுத்துச் சொல்வதுண்டு. எமக்கு நகைப்பு வரவில்லை. பயின்ற தொழிலைப் பெட்டி ஒன்று பறிக்கும் என்று அஞ்சுவோனுக்கு அப்பெட்டியின் ஓசை அழகானது என்று சொல்லி என்ன பயன்?

ஆனால் அவ்வாண்டிலே நரம்பிசைப் பொறியின் காலமே முடிந்துகொண்டிருந்தது. 1978இல் வந்த புறொபெற்-5 ஐந்து சுரங்களை ஒலித்து, ஓசைகளை நினைவிலும் வைத்துக்கொண்டது. 1983இல் யமகாவின் டிஎக்ஸ்7 வந்தது. உண்மை வயலினையே இலக்கங்களாகப் பதிந்து ஒலிக்கும் கருவிகளும் பெருகின. ஆர்ப் கம்பனி 1981இல் முறிந்துபோயிற்று. சொலினாக்கள் கோடிப்புறங்களுக்கும் பழைய பொருட் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து அவற்றை மலிவாய் வாங்கியவர்கள் அடுத்த தலைமுறை இளைஞர்களே. 1998இல் 'எயர்' என்னும் பிரெஞ்சு இருவர் குழு வெளியிட்ட இசைத்தட்டிற் சொலினாவின் குரல் மீண்டும் கேட்டது. கேட்டோர் தேடினர், தேடினோர் மிகவே விலை ஏறிற்று, விலை ஏறவே பிரதி செய்வோர் தோன்றினர்.

பிரதிகள் பலவகை. சிலர் பழைய பொறிகளின் ஒவ்வொரு விசையையும் ஒலிப்பதிவு செய்து கணினியில் ஏற்றினர். மெலோற்றன் வயலினுக்குச் செய்ததையே இவர்கள் வயலின் போலிக்குச் செய்தனர் என்க. பிரான்சின் அர்தூரியா போன்ற கம்பனிகள் ஒலிப்பதிவை விட்டு, சுற்றின் நடத்தையையே கணக்காக்கி, 'சொலினா வி' முதலியவற்றைக் கணினிக்கென ஆக்கின. ஜேர்மனியின் வால்டோர்ப் 2014இல் சிறு பெட்டியொன்றை வெளியிட்டு அதற்கு 'ஸ்றைக்பெற்' என்று பெயரிட்டது. ஜேர்மன் மொழியில் வயலின் இனத்தாரைக் குறிக்குஞ் சொல்லையும் பாணிற் பூசுங் கொழுப்பையும் சிலேடையாக்கிய பெயர் அது. அவ்வோசையைக் கேட்டவர்க்குப் பெயரின் பொருத்தம் விளங்கும். 2021இல், முன்னே சொன்ன 'சுமோல் ஸ்ரோன்' செய்த அதே கம்பனி, கிற்றாரை நரம்பிசைப் பொறிபோல ஒலிக்கச் செய்யும் 'ஸ்றிங்9' என்ற பெட்டியை வெளியிட்டது. மெய்யான நரம்பை மீட்டி, நரம்பின் போலியைப் போன்ற ஓசையை எழுப்புவது! இதற்குமேற் சொல்ல ஒன்றுமில்லை.

இவற்றுள் ஆராயத்தக்கது றோலண்ட் கம்பனியின் விபி-330 பட்ட பாடாகும். மனிதக் குரற்கூட்டத்தையும் நரம்பிசையையும் தரும் அப்பொறி 1979இல் வந்தது. 2016இல் றோலண்டே அதனைச் சிறிதாக்கி விபி-03 என வெளியிட்டது. ஆனால் உள்ளே வாளி வரிசை இல்லை, இலக்கக் கணக்கே உண்டு. 2019இல் பெரிங்கர் கம்பனி விசி340 என்ற பெயரில் அதே பழைய கருவியை வாளி வரிசைகளோடு செய்தது. பெற்றவர் பேரப்பிள்ளைக்குப் புதுச் சட்டை தைத்தார். அயலவரோ பழைய சட்டையையே அளவெடுத்துத் தைத்தார். எது உண்மைப் பிரதி? பெயரும் மரபும் ஒருவரிடம், சுற்று மற்றவரிடம். செவி கொண்டு தீர்ப்பதாயின் எம் சார்பு வாளி வரிசைக்கே. சீறலையும் மழுங்கலையும் கணக்கிற் கொணர்தல் இயலாததன்று. ஆயினும் கணக்கிடுவோன் தான் கவனித்த குறையை மட்டுமே கணக்கிடுவான்.

பெரிங்கர் சொலினாவையும் விடவில்லை. விசைப்பலகையின்றி மேசைமேல் வைக்கும் பெட்டியாக, பழைய பெயரோடே அது இன்று கிடைக்கின்றது. 1970களின் காப்புரிமைகள் காலங் கடந்தன. ஆதலின் சட்டத்திற் குற்றமில்லை. பிறர் சிந்தித்ததை மலிவாய் விற்பது முறையோ என்று ஒருசாரார் கேட்பர். ஏழை மாணவன் வாங்கத்தக்க விலையில் எப்படியேனும் வந்ததே என்பர் மறுசாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. எம் மனக்குறை வேறொன்று. இன்று அப்பெயரைக் கடையிற் காணும் இளைஞர் பலர் போடகிறாவன் ஊரை அறியார். சாங்ஸ்ரரையும் தேயரையும் அறவே அறியார்.

இப்பிரதிகளால் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. வாளி வரிசைச் சில்லுகளை முன்னாளில் மிகுதியாய்ச் செய்த யப்பானின் பனசொனிக் அவ்வுற்பத்தியைக் கைவிட்டபின், பழைய பொறியொன்றிற் சில்லு பழுதானால் வேறொரு பொறியை உடைத்தே எடுக்கவேண்டியிருந்தது. இப்பொழுது பெரிங்கரின் உறவுக் கம்பனியாகிய கூலோடியோ முதலிய சில நிறுவனங்கள் அவற்றைப் புதிதாய்ச் செய்து விற்கின்றன. பழுதுபார்ப்போர் அவற்றை வாங்கி, பழைய சுற்றுப்பலகையைத் துடைத்து, காய்ந்துபோன கொள்ளளவிகளையும் மாற்றிப் பொருத்துகின்றனர். 1970களிற் செய்த மரப்பெட்டி ஒன்று, தன் பிரதிக்கென்று செய்த சில்லின் உதவியால் மறுபடி ஒலிக்கத் தொடங்குகின்றது.