டென்ஷன் தலைக்கேறுதா? மனசை லேசாக்க எளிய வழிகள் இதோ!

ஆபீஸ் டார்கெட், இஎம்ஐ, பிள்ளைகளின் பரீட்சை... காலையில் எழுந்ததுமே பலருக்கு டென்ஷன் தொடங்கிவிடுகிறது. அப்போது உடலில் அட்ரினலின், கார்டிசோல் ஹார்மோன்கள் அதிகம் சுரப்பதால்தான் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் கெடுகிறது. 'கவலைப்படாதே' என்று சொன்னால் மட்டும் மனசு அடங்காது. முதலில் உடலை அமைதிப்படுத்தணும்.

மூச்சு: 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவா விடுங்க. மூச்சை விடும்போது இதயத்துடிப்பு சற்று குறையும். 5 நிமிடம் செய்தாலே போதும்.

நடை: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தினமும் அரை மணி நேரம், 5 நாள் வேகமாக நடந்தால் கணக்கு சரி.

தூக்கம்: மாலைக்கு மேல் காபி வேண்டாம். உடலில் சேர்ந்த காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

பேப்பர், பேனா: பாசிட்டிவாக இருப்பது என்றால் பிரச்னையே இல்லாதது போல் நடிப்பதல்ல. நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்து எழுதுங்க. கையில் இருப்பதில் ஒன்றையாவது இன்றே முடிச்சிடுங்க.

இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வு நீடிக்கிறதா? தனியாகப் போராட வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.