கடல் கடந்த உளவியல்

நாம் குடியேறி வாழும் வண்டூர், தன் பெயரை மலபாரிலுள்ள வண்டூரினின்றும் பெற்றது. 1921ஆம் ஆண்டு மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் அந்தமானுக்கு அனுப்பப்பட்டோர், மஞ்சேரி, திரூர் எனத் தம் ஊர்ப்பெயர்களை இங்கே இட்டனர். பெயர் கடல் கடந்தது. ஊர் அப்படியே வரவில்லை. அறிவுத்துறைகளும் இவ்வாறே மாறுகின்றனவா? அக்காலத்தே நம் நாட்டில் கரையேறிய உளவியலைக் கொண்டு இதனை ஆராயலாம்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்ட் 1879இல் நிறுவிய ஆய்வுக்கூடத்தை இத்துறையின் பிறப்பிடம் என்பர். உள்ளத்து அநுபவத்தைக் கூறு கூறாகப் பகுப்பதே அவர் வழி. அவர் மாணவர் மூன்ஸ்டர்பெர்க். இவரிடம் ஹார்வர்டில் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா, 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கினார். அதற்குள் மேனாட்டில் பூசல் மூண்டிருந்தது. தனிச் சுரங்களை எண்ணிப் பண்ணை அறியவொண்ணாது என்னும் போக்கில் வெர்த்தைமர் 1912இல் முழுமைக் கொள்கையைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே வாட்சன், உள்ளத்தை விடுத்து நடத்தையை மட்டும் ஆராய்க என்றார்.

மைசூரில் 1924இலும் சென்னையில் 1943இலும் இத்துறை நிலைபெற்றது. மைசூர்த் துறையை நிறுவிய கோபாலஸ்வாமியே 1935இல் தம் இல்லத்தில் வானொலி நிலையம் அமைத்தவர். ‘ஆகாசவாணி’ அந்நிலையத்தின் பெயரே என்பதை நேயர்கள் அறிந்து மகிழ்வர்.

வந்த கொள்கையோடு நேருக்கு நேர் வாதிட்டவர் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர போஸ். ஃபிராய்டின் கொள்கை நனவிலி மனத்தைப் பற்றியது. (நனவு என்பதைக் கனவுக்கு எதிர்ச்சொல்லாக நம் முன்னோர் வழங்கினர்; கனவின் வழியே நனவிலியை அறியலாம் என்றவருக்கு இதனினும் பொருந்திய தமிழ்ச்சொல் கிடைப்பது அரிது.) போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார், ஆயினும் அடிமையாகவில்லை. ஒவ்வொரு விருப்பத்தினடியிலும் அதன் எதிர் விருப்பம் உண்டு. அடிக்க விழைபவனுள் அடிபட விழைவும் மறைந்துள்ளது என்றார். இந்திய நோயாளிகளிடம் தாம் காண்பது ஐரோப்பியரிடம் காண்பதினின்று வேறுபடுகிறது என்றும் எழுதினார். ஃபிராய்டு இசையவில்லை. இருவரும் ஒருகாலும் நேரிற் சந்திக்காமலே, 1937 வரை கடிதத் தொடர்பு நீடித்தது.

1931இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாக் கழகம் தந்தத்தாலான திருமால் சிலையொன்றை அனுப்பிற்று. அவர் அதனைத் தம் மேசைமேல் வைத்து, உளப்பகுப்பாய்வு அயல்நாடுகளில் பெற்ற வெற்றியை அது நினைவூட்டும் என்று நன்றி எழுதினார். வெற்றி என்ற சொல் நமக்கு உடன்பாடன்று. கல்கத்தாவில் நடந்தது வாதமே. பின்னர் அச்சிலையில் வெடிப்புகள் தோன்றின. கல்கத்தாவில் பழகிய தெய்வத்துக்கு வியன்னாவின் தட்பவெப்பம் ஒவ்வவில்லையோ என்று ஃபிராய்டு ஐயுற்றாராம்.