ரஸாவின் காடு, ராம்குமாரின் காசி

ஓவியர் எஸ்.எச். ரஸாவின் தந்தை வனத்துறை அலுவலர். 1922-இல் மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில், காடு சூழ்ந்த பாபரியா கிராமத்தில் பிறந்தார் ரஸா. இரண்டு ஆண்டுகள் இளையவரான ராம்குமார் சிம்லாக்காரர். தில்லியில் பொருளாதாரம் படித்து, வங்கி வேலைக்குப் போய், அதை உதறிவிட்டுத் தூரிகையைப் பிடித்தவர். 1950-ஐ ஒட்டி இருவருமே பாரிசில் இருந்தார்கள். ராம்குமார் ஆந்த்ரே லோத்திடமும் பெர்னான் லெஜேயிடமும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். ரஸா அங்கேயே மணம் முடித்து அறுபது ஆண்டுகள் பிரான்ஸிலேயே தங்கிவிட்டார்.

இந்திய அரூப ஓவியத்தில் இயற்கையின் பக்கம் ரஸாவையும் நகரத்தின் பக்கம் ராம்குமாரையும் நிறுத்துவது வழக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் அது சரிதான். ஆனால் ரஸா தன் காட்டை வரைந்தது காட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, நினைவிலிருந்து. ராம்குமாரோ காசிக்கு நேரே போய், படித்துறையில் நின்று பார்த்துவிட்டு வரைந்தார். இருவருக்கும் உள்ள வேறுபாடெல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கிறது.

ரஸாவின் ஆரம்பகாலப் பாரிஸ் படங்களில் பிரெஞ்சுக் கிராமங்கள், தேவாலயங்கள், கத்தியால் அப்பிய கெட்டியான எண்ணெய் வண்ணம். 1962-இல் கற்பிப்பதற்காக அமெரிக்காவின் பெர்க்லிக்குப் போனபோது அங்கே மார்க் ராத்கோவின் படங்கள் அவரை உலுக்கின. பிறகு எண்ணெய் வண்ணத்திலிருந்து அக்ரிலிக்குக்கு மாறினார். வீடுகளும் கூரைகளும் கரைந்தன. எழுபதுகளில் பூமியைப் பெயராகக் கொண்டு அவர் வரைந்த படங்களில் ஓரமெல்லாம் கறுப்பு அடர்ந்திருக்கும். அதைக் கிழித்துக்கொண்டு சிவப்பும் காவியும் மஞ்சளும் சீறும். சிறுவயதில் காட்டு இரவைக் கண்டு பயந்த ஒருவர்தான் அந்தக் கறுப்பைப் பூச முடியும். மரம் ஒன்றுகூட இல்லை; ஆனாலும் அது காடு என்று தெரிந்துவிடுகிறது.

எண்பதுகளில் பிந்து, அதாவது புள்ளி, வந்தது. கவனம் சிதறும் பையனை அடக்க ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்க்கச் சொன்னார் என்று ரஸா பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் புள்ளியே கறுப்பு வட்டமானது. சுற்றிலும் முக்கோணங்கள், சதுரங்கள், ஐம்பூதங்களுக்கான நிறங்கள். 1983-இல் வரைந்த 'சௌராஷ்டிரா'வில் சிவப்பும் காவியும் புரள, ஒரு மூலையில் பிந்து அடங்கி உட்கார்ந்திருக்கிறது. 2010-இல் லண்டன் ஏலத்தில் சுமார் 16 கோடி ரூபாய்க்குப் போன படம் இது. அதில் நிலமும் வடிவமும் இன்னும் மல்லுக்கட்டுகின்றன. பின்னாளைய பிந்துக்களில் அந்தச் சண்டை ஓய்ந்துவிடுகிறது. கோடுகள் சுத்தம், வண்ணங்கள் சுத்தம். வரவேற்பறைக் காலண்டர் போலக் கண்ணை உறுத்தாத படங்கள்.

ராம்குமாரிடம் இந்தச் சுத்தம் ஒருபோதும் இல்லை. ஐம்பதுகளில் அவர் வரைந்தவர்கள் நகரத்துக் குமாஸ்தாக்கள், வேலையில்லாத இளைஞர்கள். குழிந்த கண்கள், பின்னால் நெருக்கும் கட்டடங்கள். இந்தியில் சிறுகதையும் எழுதியவர் அவர் (நாவலாசிரியர் நிர்மல் வர்மா இவருடைய தம்பி). அந்தப் படங்களிலும் ஒரு கதாசிரியரின் கண் தெரியும். 1960-இல் ஓவியர் எம்.எஃப். ஹுசைனோடு காசிக்குப் போனார். கால் வைக்க இடமில்லாத கூட்டம் நிறைந்த அந்த ஊரைப் பார்த்துவிட்டு, தன் படங்களிலிருந்து மனிதர்களை முழுவதுமாக வெளியேற்றினார்! வேறு யாருக்கும் இந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அறுபதுகளின் காசிப் படம் ஒன்றை நெருங்கிப் பாருங்கள். சாம்பல், பழுப்பு, கறுப்பு. ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த வீடுகள்; சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுக் கீற்று; படித்துறை என்பது சரிந்து இறங்கும் சில பட்டைகள் மட்டும். ஆள் இல்லை, ஆனால் ஆள் புழங்கித் தேய்ந்த சுவர் இருக்கிறது. சாவுக்குக் காத்திருக்க வருகிறவர்களின் ஊரை முகங்கள் இல்லாமலே சொல்லிவிடுகிறார்.

எழுபதுகளுக்குப் பிறகு அந்த வீடுகளும் உடைந்து போகின்றன. நீலமும் பச்சையும் மஞ்சளும் நுழைய, மேலிருந்து பார்த்த வயலா, ஆற்றுப்படுகையா, பாறைச் சரிவா என்று பிரிக்க முடியாத நிலமாக நகரம் மாறுகிறது. நகரத்தில் தொடங்கியவர் இயற்கைக்கு வந்து சேர்ந்தார். காட்டில் தொடங்கிய ரஸாவோ அளந்து வைத்த வடிவங்களுக்குள் குடியேறினார்.

தலைப்புகளிலும் இந்த வித்தியாசம் உண்டு. பிரகிருதி, அங்குரம், சூரிய நமஸ்காரம் என்று ரஸா பார்ப்பவருக்குப் பொருளைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். ராம்குமார் பெரும்பாலும் 'வாராணசி' என்று மட்டும் எழுதுவார். பல படங்களுக்கு அதுவும் கிடையாது.

ரஸா 2016-இலும் ராம்குமார் 2018-இலும் தில்லியில் காலமானார்கள். ரஸாவை அவர் விருப்பப்படி மண்ட்லாவில், தந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். காட்டின் மீது அவர் வைத்திருந்த பற்றை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் ஓவியமாக எடைபோட்டால், ரஸாவின் எழுபதுகளைத் தவிர மற்ற காலம் முழுவதிலும் ராம்குமாரின் கையே ஓங்கியிருக்கிறது. புகழிலும் ஏல விலையிலும் தராசு மறுபக்கம் சாய்ந்திருப்பது வேறு கணக்கு.