தொடக்கநிலைக் கற்பவளங்கள்: கடல்நீர்த் தொட்டிக்கான தேர்வு

கற்பவளங்கள் என்பவை, அரகோனைட் என்னும் சுண்ணாம்புப் படிகத்தால் தம் வன்கூட்டைத் தாமே கட்டிக்கொள்ளும், ஸ்கிளெராக்டினியா வரிசையைச் சேர்ந்த கடல்வாழ் விலங்குகள் ஆகும். இவற்றின் உடலலகு பாலிப் எனப்படும். ஒரு வாயும் அதைச் சுற்றிய உணர்நீட்சிகளும் கொண்ட இச்சிற்றுயிரின் திசுவுக்குள் பல இனங்களில் வாழும் ஒற்றைச்செல் பாசிகள், ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் பெரும்பங்கைப் பவளத்துக்கு அளிக்கின்றன. நுண்ணுயிர்கள் குடியேறிய உயிர்ப்பாறையையும் கழிவை நுரையாகப் பிரித்தகற்றும் வலிய நுரைப்பிரிப்பியையும் கொண்டு நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் பெர்லின் முறை 1980களில் ஐரோப்பாவில் பரவியபின், அதுவரை பெரிய காட்சியகங்களுக்கே அரிதாயிருந்த கற்பவள வளர்ப்பு இல்லங்களிலும் இயல்வதாயிற்று.

வளர்ப்போர் இவற்றைப் பெரும்பாலிப் பவளங்கள், சிறுபாலிப் பவளங்கள் என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். இது வகைப்பாட்டியல் சாராத, பராமரிப்பை ஒட்டிய பிரிவு மட்டுமே. தொடக்கநிலையாளருக்குப் பெரும்பாலும் முதல் வகையே பரிந்துரைக்கப்படுகிறது. ஏனெனில் தடித்த சதைப்பற்றுள்ள பாலிப், நீரின் தரம் தாழும்போது முதலில் சுருங்கியும் பின்னர் மெல்லப் பின்வாங்கியும் தன் துன்பத்தைக் காட்டுவதால், பிழையைக் கண்டறிந்து திருத்தச் சில நாள்களேனும் கிடைக்கின்றன. மெல்லிய திசுவுடைய சிறுபாலிப் பவளமாகிய அக்ரோபோராவோ ஒரே இரவில் திசு முழுவதையும் உதிர்த்துவிட்டு வெண்ணிறக் கூடாக நின்றுவிடக்கூடும். ஆகவே தாங்குதிறன் என்பதை, சாகாத தன்மை என்று கொள்ளாமல், எச்சரித்துக் கால அவகாசம் தரும் தன்மை என்று கொள்வதே பொருந்தும்.

இனத்தின் பெயரைவிட வன்கூட்டின் வடிவமே தேர்வில் முதன்மை பெறவேண்டும் எனலாம். காலாஸ்ட்ரியா ஃபர்கேட்டா எனப்படும் எக்காளப் பவளத்தில் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் தனித்தனிப் பாலிப் அமர்ந்திருக்க, கிளையின் அடிப்பகுதி திசுவற்ற வெறுங்கூடாக உள்ளது. ஒரு தலை நோயுற்றால் அதை மட்டும் வெட்டி நீக்கலாம் என்பதோடு, நலமான தலையை வெட்டிப் புதிய குடியாக வளர்ப்பதும் திசுவைக் காயப்படுத்தாமலே இயலும். சுத்தியல் பவளங்களில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். கிளைத்து வளரும் ஃபிம்பிரியாஃபில்லியா பாராஅன்கோராவில், பழுப்புக் கூழ் நோய் எனப்படும், திசுவைக் கரைத்துப் பரவும் தொற்று ஓரிரு தலைகளோடு நிறுத்தப்படக்கூடும். சுவர்போல் தொடர்ந்த திசுவுடைய ஃபிம்பிரியாஃபில்லியா அன்கோராவிலோ அது ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை செல்லத் தடையேதும் இல்லை. விலையும் தோற்றமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் கடையில், அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்து வாங்குவோர் குறைவு.

ஆஸ்திரேலியக் கடல்களிலிருந்து பெருமளவில் விற்பனைக்கு வரும் டங்கனாப்சாமியா ஆக்ஸிஃபூகாவும் இத்தகைய கிளையமைப்பே உடையது. இறால், மீன் துணுக்குகளை ஆர்வத்துடன் உண்டு புதிய தலைகளை விரைவில் அரும்பும். குறைந்த ஒளியும் மென்மையான நீரோட்டமும் வேண்டும் பிளாஸ்டோமுஸ்ஸா தொட்டியின் கீழ்ப்பகுதிக்கு ஏற்றது. சிறுபாலிப் வகையில் தொடங்க விரும்புவோர்க்கு மான்டிபோரா டிஜிட்டேட்டா போன்றவை இடைநிலையாக உதவும். கடைகளில் கண்ணைக் கவரும் செம்மஞ்சள் நிற ட்யூபாஸ்ட்ரியாவோ திசுப்பாசிகள் அற்றது. அதன் ஒவ்வொரு பாலிப்புக்கும் இடைவிடாது உணவூட்ட வேண்டியிருப்பதால், புதியவர் கையில் அது பெரும்பாலும் பட்டினியால் மெல்ல மடிகிறது.

எந்த இனமாயினும் நீரின் நிலைபேறே அதன் ஆயுளை முடிவு செய்கிறது. வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியசும், உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 பங்கும், கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராமும், மக்னீசியம் ஏறத்தாழ 1,300 மில்லிகிராமும் இருத்தல் நன்று. அமிலத்தை ஈடுசெய்யும் ஆற்றலைக் குறிக்கும் காரத்தன்மை, ஜெர்மானியக் கார்பனேட் கடினத்தன்மை அளவில் 8 முதல் 10 பாகை வரை இருக்கவேண்டும். கூடு கட்டும் பவளம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும்போது காரத்தன்மையில் 2.8 பாகை குறைந்துவிடும். அதாவது கால்சியம் 420இலிருந்து 400ஆக இறங்கும் அதே வேளையில் காரத்தன்மை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும். கால்சியத்தை மட்டும் அளந்து மனநிறைவு கொள்வோர் தொட்டியில் நேரும் இழப்புகள் பலவற்றுக்கு இதுவே காரணம். குறைந்ததை ஒரே மூச்சில் ஈடுசெய்வதும் அதே அளவு கேடு தரும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகினால் பாசி பெருகும் என்பது பரவலாக அறியப்பட்டது. அவற்றை முற்றிலும் நீக்கினால் பவளத்தின் திசுப்பாசிகள் வாடும் என்பது அவ்வளவு அறியப்படவில்லை. புதிய தொட்டியில் நைட்ரஜன் சுழற்சி சில வாரங்களில் நிலைபெற்றாலும், பாறையில் செவ்வூதாச் சுண்ணப்பாசி படரும் வரை சில மாதங்கள் பொறுத்திருப்பது நல்லது.

ஒளியைப் பொறுத்தவரை, மேற்கூறிய பெரும்பாலிப் பவளங்களுக்குச் சதுர மீட்டருக்கு நொடிக்கு 50 முதல் 150 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் போதும். மங்கலான இடத்திலிருந்து வந்ததை உடனே விளக்கடியில் வைத்தால் அது வெளிறும். இடைவெளியும் இன்றியமையாதது. கேலாக்ஸியா இரவில் நீளமான துழாவும் உணர்நீட்சிகளை வீசி, தொலைவிலுள்ள அண்டைப் பவளத்தையும் கொட்டி அழிக்கும்; எளிதில் வளர்வதாயினும் சிறு தொட்டிக்கு அது ஏற்ற குடியிருப்பாளன் அன்று. சுத்தியல் பவளத்தையும் தவளைமுட்டைப் பவளத்தையும் அருகருகே வைப்போர், அவற்றின் உறவான தீப்பந்தப் பவளமாகிய யூஃபில்லியா கிளாப்ரெசென்சைப் பொதுவாகத் தள்ளியே வைக்கின்றனர்.

வாங்கும்போது திசு கூட்டின் விளிம்புவரை மூடியிருக்கிறதா என்று நோக்குவதும், தொட்டியில் இறக்குமுன் கிருமிநீக்கக் கரைசலில் முக்கி ஒட்டுண்ணிகளை அகற்றுவதும் வழக்கம். கற்பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இடம்பெற்றிருப்பதால் நாடுகளுக்கிடையே அவற்றைக் கொண்டுசெல்ல அனுமதிச்சீட்டு வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. ஆதலால் மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ உயிருள்ள பவளத்தை எடுப்பது மட்டுமின்றி, இறந்த பவளத் துண்டுகளை விற்பதும் குற்றமாகும்.