மேட்டில் எல்லோரும் இறங்கினோம்



போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் ஒருவர் எனக்குப் படங்கள் அனுப்பியிருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரை சைக்கிளிலேயே போயிருக்கிறார்கள். தலைக்கவசம், கியர் சைக்கிள், பளபளவென்று பனியன். ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளும் சேர்ந்து நிற்கிறார்கள். பார்க்கவே நிறைவாக இருந்தது. படத்துக்குக் கீழே, "சார், பொங்கல் கழிஞ்சு எங்களக் கூட்டிட்டுப் போனீங்களே, அதப் பத்தி எழுதுங்க" என்று ஒரு வரி. நான்கு நாளாக அதே யோசனைதான். எழுத வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

1979 ஜனவரி. நான் வேலையில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. பதினான்கு பையன்கள், நான், டிரில் வாத்தியார். சைக்கிள்களில் பாதி வாடகைக்கு எடுத்தவை. அந்தக் காலத்துச் சைக்கிள் சுமார் 20 கிலோ இருக்கும், கியர் கிடையாது. ஹெர்குலிஸ் என்றால் கொஞ்சம் கௌரவம். 1949-ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து முருகப்பா குடும்பத்தார் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் அதைச் செய்துகொண்டிருந்தது. அதற்கு முன்பு நல்ல சைக்கிள் என்றால் பர்மிங்காமிலிருந்தோ நாட்டிங்காமிலிருந்தோ கப்பலில் வர வேண்டும்.

காலை ஐந்து மணிக்கு ஜங்ஷனில் கூடி, பேட்டை, பத்தமடை வழியாகப் போனோம். பத்தமடையில் விடிந்தது. சேரன்மகாதேவியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பேனா? குருகுலத்தின் கதையை அங்கேயே ஆரம்பித்துவிட்டேன்.

தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனில் சாவர்க்கரோடும் புதுச்சேரியில் பாரதியோடும் இருந்த வ.வே.சு. ஐயர், 1922-ல் சேரன்மகாதேவியில் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்வி, தாய்மொழிக் கல்வி, உடல் உழைப்பு எல்லாம் உண்டு. காங்கிரஸ் கட்சி 5,000 ரூபாய் கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். ஆனால் பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. பெற்றோர் கேட்டார்கள், ஐயர் சம்மதித்தார். செய்தி வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி எழுப்பினார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப் பந்தியா என்பதுதான் கேள்வி. காந்தியடிகள் வரை போயும் தீரவில்லை. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்கான காரணங்களில் இந்தப் பந்தியும் ஒன்று. இரண்டு இலையைத் தள்ளிப் போட்டது தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாக்கியது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பையன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அங்கிருந்து மெயின் ரோட்டை விட்டு, கன்னடியன் கால்வாயை ஒட்டிய மண்பாதையில் இறங்கினோம். வழி டிரில் வாத்தியாருக்குத் தெரியும். ஒரு பக்கம் கால்வாயில் தண்ணீர், மறுபக்கம் பிசானப் பயிர், மேற்கே பொதிகை மலை. பையன்கள் மணியடித்துக்கொண்டு பாடிக்கொண்டு போனார்கள். பாதை ஒரு ஊருக்குள் நுழைந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். முதல் தெரு முனையில் பையன் ஒருவன் சைக்கிளைவிட்டு இறங்கினான். தள்ளிக்கொண்டே நடந்தான். நான் கடைசியாக வந்ததால் எனக்குத்தான் தெரிந்தது.

"ஏன்ல எறங்கிட்ட? பஞ்சரா?"

"இல்ல சார். இந்தத் தெருவத் தாண்டுற வரைக்கும்தான். எங்க அத்த ஊரு பக்கத்துல சார். இங்க எங்காளுக ஏறிப் போக மாட்டோம்."

சாதாரணமாகத்தான் சொன்னான். மேடு வந்தால் இறங்குவோம், பாலத்தில் மாடு வந்தால் ஒதுங்குவோம், அதைப் போல. திண்ணையில் இரண்டு பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்ததுதான் விஷயம்.

அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவை நான் வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தை இன்னும் கடுமையாக்கி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. பொதுப்பாதையில் ஒருவரைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பது எனக்கு மனப்பாடம். அரைமணி நேரத்துக்கு முன்புதான் சேரன்மகாதேவிப் பந்தியைப் பற்றி முழங்கியிருந்தேன். அந்தத் தெருவில் நான் என்ன செய்தேன்? "சரி, சீக்கிரம் வா" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். இறங்கி அவனோடு நடக்கக்கூடத் தோன்றவில்லை.

சைக்கிளின் வரலாற்றைப் பின்னாளில் தேடிப் படித்ததற்கு அந்தக் காலைப்பொழுதே காரணம். இங்கிலாந்தில் 1878-லேயே சைக்கிள் பயணிகளுக்குச் சங்கம் வந்துவிட்டது. 1887-ல் கேட்ஃபோர்ட் சங்கத்தார் செங்குத்து மேட்டில் ஏறும் போட்டி நடத்தினார்கள். ஞாயிறுதோறும் கிராமத்துப் பாதைகளில் போய் விடுதியில் தேநீர் குடித்துத் திரும்புவது அவர்கள் வழக்கம். 1898-ல் ஹார்பர்டன் சீமாட்டி, சைக்கிள் மிதிக்க வசதியாகக் கால்சட்டை போன்ற உடையில் சர்ரே பகுதியில் ஒரு விடுதிக்குப் போனார். காபி அறைக்குள் விடமாட்டோம், மதுக்கூடத்துப் பக்கம் உட்காருங்கள் என்றார்கள். சங்கம் அவருக்காக வழக்குப் போட்டது, 1899-ல் தோற்றது. சீமாட்டிக்கே அந்தக் கதி. சைக்கிள் வந்த இடமெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்திருக்கிறது: யார் ஏறலாம், யார் எங்கே இறங்க வேண்டும்?

நம் ஊருக்கு வருகிறேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி, பாலத்தில் ஆற்றைக் கடந்து அம்பாசமுத்திரம். விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை ஷிப்ட் விட்ட நேரம், ரோடு முழுக்கச் சைக்கிள். அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 19-ம் நூற்றாண்டில் தொடங்கிய ஆலை அது. பாபநாசம் கோயில் படித்துறையில் முகம் கழுவிவிட்டு மலைப்பாதையில் ஏற ஆரம்பித்தோம்.

முதல் வளைவிலேயே முக்கால்வாசிப் பேர் இறங்கிவிட்டார்கள். டிரில் வாத்தியார் எழுந்து நின்று மிதித்து இரண்டாம் வளைவு வரை போனார். பிறகு அவரும் இறங்கினார். கடைசி வரை மிதித்தவன் யார் தெரியுமா? காலையில் தெருவில் இறங்கி நடந்தானே, அவன். வயலில் வேலை பார்த்த கால். அவனும் ஒரு இடத்தில் மூச்சு வாங்க இறங்கி, திரும்பிப் பார்த்து, "சார், எல்லாரும் எறங்கிட்டீங்களே!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டு, படியேறிக் கல்யாண தீர்த்தம் போனோம். அங்கேதான் குருகுலக் கதையின் மிச்சத்தைச் சொன்னேன். 1925 ஜூனில், பந்திச் சண்டை ஓயாத அதே நேரத்தில், ஐயர் குருகுலப் பிள்ளைகளோடு இங்கே வந்தார். மகள் சுபத்திரை நீரோட்டத்தைத் தாண்டும்போது தவறி விழுந்தாள். காப்பாற்றக் குதித்த ஐயரும் போய்விட்டார். வயது 44. பையன்கள் பேசவே இல்லை. பிறகு புளியோதரையைப் பிரித்து, பதினாறு பேரும் ஒரே பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குருகுலத்தில் நடக்காதது நம்மிடம் நடந்துவிட்டது என்று எனக்குள் ஒரு பெருமை.

அந்தப் பெருமை திரும்பும்போது கரைந்தது. கால்வாய்ப் பாதையில் திரும்ப வேண்டிய இடத்தில், "மெயின் ரோட்டுலயே போவோம்ல" என்றேன். அவன் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "எனக்காகவா சார் சுத்திப் போறோம்?" "இல்லல, அந்த ரோடு மோசம்" என்றேன். பொய். அவனுக்கும் தெரியும். அவன் மனம் நோகாமல் காப்பாற்றியதாக நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் நான் காப்பாற்றியது அந்தத் தெருவின் வழக்கத்தை. இருதரப்புக்கும் சங்கடமில்லாமல் சமாளிக்கப் பார்த்தார் என்று ஐயரைப் பற்றி வகுப்பில் விமர்சித்தவன், அதையேதான் செய்தேன்.

பிறகு காலம் மாறியது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது. பணி ஓய்வுக்கு முன் கடைசி வருடங்களில், வரிசையாக நின்ற அந்தச் சைக்கிள்களை எண்ணிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒவ்வொரு முறையும் அவன் நினைவு வரும்.

இதை எழுதுவதற்கு முன் அவனுக்குப் போன் செய்து அனுமதி கேட்டேன். இப்போது அவனும் ஓய்வு பெற்றவன், தாத்தா. "எழுதுங்க சார், ஊரு பேரு மட்டும் வேண்டாம்" என்றான். இப்போது அந்தத் தெருவில் மோட்டார் சைக்கிளில் போகிறானாம். யாரும் ஏனென்று கேட்பதில்லை. "ஆனா சார், அந்த மொனை வந்தா கால் தானா பிரேக்குக்குப் போயிருது" என்றான். நாற்பத்தைந்து வருடம் தாமதமாக மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்று பேச்சை மாற்றி, என் சர்க்கரை அளவை விசாரித்தான்.

சைக்கிள் குழுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாபநாசம் போகும்போது சேரன்மகாதேவியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பந்தியின் கதையைச் சின்னவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லி முடித்துவிட்டு, உங்கள் கூட்டத்தில் யாராவது சமதரையில் இறங்கி நடக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அப்படி யாராவது நடந்தால், நீங்களும் இறங்குங்கள்.

பதிவு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று வந்த பதினான்கு பேரில் யார் கண்ணில் இது பட்டாலும் ஒரு வரி எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்